கேளுங்க, சொல்றன்: அடுப்பைப் பாக்க முதல் சுவரைப் பாருங்க

போன இதழ்ல ஒரு மூலையில "இன்டக்ஷன் குக்கர் பத்தி ஏதும் கேக்கணும் எண்டா எழுதுங்க" எண்டு ரெண்டு வரி போட்டதுதான், கடிதமும் வட்ஸ்அப்பும் வந்து குவிஞ்சிட்டு. 2022ல காஸ் லைன்ல சிலிண்டரோட படுத்துக் கிடந்த ஆக்கள்தானே நாம, அந்தக் கோபத்துல வாங்கின குக்கர் பாதி வீட்டுக் குசினியில இப்பவும் இருக்கு, சிலது அலுமாரிக்கு மேல தூசி புடிச்சும் இருக்கு. நான் டவுன்ல இருபது வருஷத்துக்கு மேல சாமான் திருத்துறவன், சமைக்கத் தெரியாது, ஆனா சமைக்கிற சாமான் ஏன் செத்துப்போகுது எண்டு தெரியும். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்டாச் சேத்துட்டன், கோவிக்காதீங்க.

களுவாஞ்சிகுடியில இருந்து ஒரு அக்கா: தம்பி, குக்கர் நல்லாத்தான் வேல செய்யுது, ஆனா அரை மணித்தியாலம் சமைச்சா பிளக் தொட ஏலாத சூடு, ஹோல்டர் ஓரம் கறுத்துப் போய்ட்டு, ஒரு பிளாஸ்டிக் மணமும் வருது. குக்கரை மாத்தணுமா?

அக்கா, குக்கரை விடுங்க, முதல்ல அந்த பிளக்கைக் கழட்டுங்க. இதை வாசிச்சு முடிக்க முதல் கழட்டுங்க. நீங்க எழுதினதுல பிழை இருக்கிறது அடுப்புல இல்ல, சுவருக்குள்ள.

கணக்கு லேசு. குக்கருக்குப் பின்னால 2000 வாட்ஸ் எண்டு போட்டிருக்கும், நம்மட நாட்டுக் கரண்ட் 230 வோல்ட், ரெண்டையும் வகுத்தா கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். உங்கட வீட்டுல இருக்கிறது பழைய வட்டக்கால் 5 ஆம்பியர் ஹோல்டரா இருந்தா, ரெண்டு பேர் ஏற வேண்டிய சைக்கிள்ல நாலு பேர் ஏறின மாதிரித்தான், கொஞ்சத் தூரம் போகும், மறுகா ரிம் வளையும். சில வீட்டுல அதுக்கும் மேல போய், 13 ஆம்பியர் சதுரக்கால் பிளக்கை அந்த 5 ஆம்பியர் ஹோல்டருக்குள்ள குத்துறதுக்கு ஒரு சின்ன அடப்டர் வாங்கி மாட்டியிருப்பாங்க, அதுதான் முதல்ல எரியும். பிளக்குக்குள்ள இருக்கிற 13 ஆம்பியர் பியூஸ் இதுல ஒண்டும் காப்பாத்தாது ஏனெண்டா போற கரண்ட் 8.7 தானே, பியூஸுக்கு அது சாதாரணம், ஹோல்டருக்குத்தான் அது அநியாயம்.

ஹோல்டர் 13 ஆம்பியரா இருந்தும் சுடுது எண்டா உள்ளுக்கு ஸ்க்ரூ லூசா இருக்கும், இல்லாட்டி பிளக் காலைப் புடிக்கிற பித்தளைத் தகடு விரிஞ்சு போயிருக்கும். தொடுகை இறுக்கமா இல்லாத இடத்துலதான் கரண்ட் போக கஷ்டப்படும், கஷ்டப்படுற இடம் சுடும், சுட்டா தகடு இன்னும் விரியும், இப்படியே போய்ப் போய் ஒரு நாளைக்கு புகை வரும். கறுத்த ஹோல்டரை உரச்சித் துடைச்சுப் பாவிக்கிற வேலை வேணாம், புதுசு போடுங்க, பிளக் கால் கறுத்திருந்தா அதையும் மாத்துங்க.

எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டா அவர்ட்ட ஒரு கேள்வி கேளுங்க: இந்த ஹோல்டருக்கு மெயின்ல இருந்து வாற வயர் என்ன சைஸ் எண்டு. 7/0.67 எண்டு சொன்னா, அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர், நல்லம். லைட்டுக்கு இழுக்கிற 1/1.13 வயர்ல இருந்து ஒரு கொடியை இழுத்து குசினிக்கு ஹோல்டர் போட்டிருக்கு எண்டா, தனியா ஒரு வயர் இழுக்கச் சொல்லுங்க. நம்மட பக்கம் வீடு கட்டி முடிஞ்ச பிறகு பத்தியில குசினி இறக்குற பழக்கம், அந்தக் குசினிக்குக் கரண்ட் போறது அனேகமா லைட் வயர்லதான், நான் பாத்த வீடுகள்ல அப்படித்தான் கூட. மல்டி பிளக்ல குக்கரும், ரைஸ் குக்கரும், கேத்தலும் ஒண்டா ஓடுறதைப் பத்தி எழுதவே எனக்குக் கை நடுங்குது.

காத்தான்குடியில இருந்து ஒரு ராத்தா: கல்யாணத்துக்கு உம்மா தந்த அலுமினியம் பானையெல்லாம் வச்சுப் பாத்தன், குக்கர் கத்துதே ஒழிய சுடல்ல. மீன் ஆணம் சட்டியில ஆக்கினாத்தான் வாய்க்கு வெளங்கும். சட்டிக்குக் கீழ வைக்கிற இரும்புத் தட்டு ஒண்டு கடையில விக்கிறாங்க, வாங்கலாமா?

ராத்தா, ஃபிரிட்ஜ்ல ஒட்டுற காந்தம் ஒண்டைக் கழட்டி ஒவ்வொரு பானைக்கும் அடியில வச்சுப் பாருங்க. இறுக்கிப் புடிச்சா ஓடும், விழுந்தா ஓடாது, சும்மா தொட்டும் தொடாமலும் நிண்டா ஓடும் ஆனா வேலைக்காகாது. குக்கருக்குள்ள இருக்கிறது செப்புக் கம்பிச் சுருள் ஒண்டு, அதுல கரண்ட் ஒரு செக்கனுக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல திசை மாறுது, அந்தக் காந்தப்புலம் பானை அடிக்குள்ள கரண்ட்டைச் சுழட்டி விட, பானைதான் அடுப்பா மாறிச் சுடுது. அலுமினியம், செம்பு, மண், கண்ணாடி இதுகள்ல அந்த வித்தை நடக்காது. மினுங்குது எண்டு எவர்சில்வரையும் நம்பாதீங்க, அதுல காந்தம் ஒட்டாத சாதியும் இருக்கு. அடி தட்டையா இருக்கணும், தேத்தண்ணி போடுற குட்டிச் சட்டியை சில குக்கர் கண்டுகொள்ளவே மாட்டாது, அடி ஒரு 12 சென்ரிமீற்றராவது அகலம் வேணும்.

தட்டு விசயம். வாங்காதீங்க எண்டுதான் சொல்லுவன். தட்டு சுட்டு, தட்டுல இருந்து சட்டிக்குச் சூடு போறதுக்குள்ள கனக்கச் சூடு கண்ணாடிக்குள்ளதான் இறங்குது, உள்ளுக்கு இருக்கிற சென்சர் பயந்து அடிக்கடி நிப்பாட்டும், நிப்பாட்டாட்டி கண்ணாடி போகும். மண்சட்டிக்கு விறகோ காஸோதான் சரி. சோறு, தேத்தண்ணி, பருப்பு, முட்டை இதையெல்லாம் இன்டக்ஷனுக்குக் குடுங்க, மீனாணத்தை சட்டிக்கே விட்டுடுங்க. எங்கட வீட்டுலயும் அப்படித்தான், மீன் எண்டா மனுசி என்னையும் என்ட காந்தத்தையும் குசினிக்குள்ள விடமாட்டா.

திருக்கோவில்ல இருந்து ஒரு தம்பி: அண்ணன், காஸை விட இது மலிவு எண்டு சொல்லித்தான் வாங்கினம். பில் வந்தா அம்மா என்னையப் பாக்கிறா.

மலிவா இல்லையா எண்டது உங்கட வீடு எத்தனை யூனிட்ல நிக்கிது எண்டதைப் பொறுத்தது தம்பி. ஒரு லீற்றர் தண்ணி கொதிக்க வைக்க கிட்டத்தட்ட 0.1 யூனிட் போகும், மூண்டு நிமிசத்துல கொதிச்சிடும், இதுல இன்டக்ஷனைக் குறை சொல்ல ஏலாது, சூடு பானைக்குள்ளதான் பிறக்குது, சுத்திவர வீணாப் போறது குறைவு. ஆனா ஒரு நாளைக்கு எல்லாச் சமையலையும் கூட்டி ஒரு மணித்தியாலம், சராசரி 1200 வாட்ஸ்ல ஓட்டுறீங்க எண்டு வைங்க, நாளைக்கு 1.2 யூனிட், மாசம் 36. வீடு முந்தி 50 யூனிட்ல நிண்டது எண்டா இப்ப 86. நம்மட கட்டண முறையில மாசம் 60 யூனிட்டைத் தாண்டினா மேல போன யூனிட்டுக்கு மட்டும் இல்ல, முதல் யூனிட்டுல இருந்தே விலை வேற. அம்மா உங்களைப் பாக்கிறதுக்கு அதுதான் காரணம். ஏற்கனவே 100, 120 ஓடுற வீட்டுக்கு இந்தப் பாய்ச்சல் இல்ல, ஆனா யூனிட் கூடக் கூட விலை ஏறுற மேல் படி அவங்களுக்கும் இருக்கு. பழைய பில்லை எடுத்து யூனிட்டைப் பாருங்க, ரூபாயைப் பாக்காதீங்க, அது அடிக்கடி மாறும்.

மூடி போட்டுச் சமைக்கிறது, கொதிச்ச உடனே குறைக்கிறது, பருப்பு கடலையை ஊறப்போட்டு அவிக்கிறது, இந்த மூண்டுலயும் மிச்சம் வரும். பிரஷர் குக்கர் இருந்தா இன்னும் நல்லம், இன்டக்ஷன் அடி உள்ளதா எண்டு காந்தம் வச்சுப் பாத்து வாங்குங்க.

வாழைச்சேனையில இருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, ஆகக் குறைஞ்ச நம்பர்லதான் வச்சன், அப்பவும் சொதி திரைஞ்சு போகுது. காஸ்ல ஒரு நாளும் இப்படி ஆகல்ல.

இந்தக் கேள்வி எனக்குப் புடிச்சது தங்கச்சி, ஏனெண்டா இதைக் கடைக்காரர் ஒருத்தரும் சொல்ல மாட்டார். மலிவு குக்கர்ல 200, 300 எண்டு நம்பர் காட்டும், ஆனா உண்மையா 200 வாட்ஸ் ஓடுறதில்ல. அது 800, 1000ல சில செக்கன் ஓடும், மறுகா சும்மா நிக்கும், திரும்ப ஓடும், கூட்டிப் பாத்தா சராசரி 200. காதைக் குடுத்துக் கேளுங்க, டிக் எண்டு ஒரு சத்தம், ம்ம்ம் எண்டு ஒரு இரைச்சல், பிறகு அமைதி. அந்த ஓடுற நேரம் மெல்லிய அடிச் சட்டியில தேங்காய்ப்பால் அடியில மட்டும் குமுறிக் கொதிக்கும், அங்கதான் திரையுது. காஸ்ல சிம்முல வச்சா நெருப்பு சின்னதா எரிஞ்சுகொண்டே இருக்கும், இது அப்படியில்ல.

அடி தடிச்ச சட்டியா எடுங்க, தடிச்ச இரும்பு அந்த ஏத்த இறக்கத்தை உள்ளுக்குள்ளயே சமாளிச்சிடும். ரெண்டாம் பால், மூண்டாம் பால்ல எல்லாத்தையும் அவிய விட்டு, முதல்பாலை ஓஃப் பண்ணின பிறகு ஊத்தி அகப்பையால கிண்டுங்க, சட்டியில இருக்கிற சூடே போதும். தேசிக்காய்ப்புளி இறக்கி ஆறினப் பிறகுதான் எண்டு நான் சொல்லத் தேவையில்ல, உங்களுக்குத் தெரியும்.

இதோட சேத்து ஒண்டு. தாளிக்கிற நேரம் வெறும் தாச்சியை வச்சு 2000ல போட்டுட்டு வெங்காயம் வெட்டப் போகாதீங்க. காஸை நம்பிப் பழகின கை இதுல ஏமாறும், வெறும் தாச்சி ஒரு நிமிசத்துக்குள்ள எண்ணெய் புகையிற சூட்டுக்குப் போய்டும், நெருப்பு கண்ணுக்குத் தெரியாததால மூளைக்கும் தெரியாது. எண்ணெய் பத்திக்கொண்டா ஓஃப் பண்ணி மூடியால மூடுங்க, தண்ணி ஊத்தவே கூடாது. நடுவுல வளைஞ்ச தாச்சியில பொரிக்கிறதும் வேணாம், சென்சர் கண்ணாடிக்குக் கீழ இருக்கு, அடி தொடாட்டி எண்ணெய் எவ்வளவு சுட்டது எண்டு அதுக்குப் புரியாது.

கல்முனையில இருந்து ஒரு வாசகர்: இதால ரேடியேஷன் வந்து கேன்சர் வரும் எண்டு யூடியூப்ல சொல்றாங்களே?

எக்ஸ்ரே மாதிரி உடம்புக் கலத்தை உடைக்கிற சாதி இல்ல இது. காந்தப்புலம் அடுப்புக்குக் கிட்ட இருக்கு, தள்ளத் தள்ள கெதியாக் குறையும். பானையை நடு வட்டத்துல வைங்க, வட்டத்துக்கு ஏத்த சைஸ் பானையா வைங்க, அடுப்போட வயித்தை ஒட்டிக்கொண்டு நிக்காதீங்க, அவ்வளவுதான். அந்தக் காணொளியைப் பாத்த ஃபோனைச் சார்ஜ்ல போட்டுத் தலையணைக்குக் கீழ வச்சுப் படுக்கிறதை முதல்ல நிப்பாட்டுங்க.

ஆனா ஒரு ஆக்களுக்கு நான் விளையாட்டாச் சொல்ல மாட்டன். நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிருக்கிறவங்க. அம்பாறையில இருந்து ஒரு மகள் அப்பாவுக்காக எழுதியிருந்தா. பிரிட்டிஷ் ஹார்ட் பவுண்டேஷன் சொல்றது, ஓடுற அடுப்புக்கும் பேஸ்மேக்கருக்கும் இடையில 60 சென்ரிமீற்றர், அதாவது ரெண்டு அடி இடைவெளி வேணும் எண்டு. குனிஞ்சு கிண்டினா அந்த ரெண்டு அடி இல்லாமப் போய்டும் பிள்ள. கிளினிக்குக்குப் போகக்குள்ள டொக்டர்ட்டக் கேளுங்க, அதுவரைக்கும் அப்பாவுக்குத் தேத்தண்ணி நீங்களே போட்டுக் குடுங்க.

செங்கலடியில இருந்து: கண்ணாடியில மயிர்க்கோடு மாதிரி ஒரு வெடிப்பு. பசை போட்டு ஒட்டலாமா?

ஏலாது. பிளக்கைக் கழட்டி வைங்க. வெடிப்புக்குள்ளால கஞ்சித் தண்ணி இறங்கினா கீழ இருக்கிறது 230 வோல்ட். பொருந்துற கண்ணாடி கிடைச்சா மாத்துங்க, கிடைக்காட்டி குக்கரை விட்டுடுங்க.

ஆரையம்பதியில இருந்து ஒரு அக்கா: கண்ணாடியில வெள்ளை வட்டம் வட்டமா இருக்கு, சாம்பல் போட்டுத் தேச்சும் போகல்ல.

சாம்பலை நிப்பாட்டுங்க அக்கா, அது பானைக்கு. தும்பு, கம்பிப் பொச்சு, மணல் ஒண்டும் கண்ணாடிக்கு ஆகாது, கீறின இடத்துல அழுக்கு குடியிருக்கும். அந்த வெள்ளை நம்மட கிணத்துத் தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு, தேசிக்காய்ப்புளியோ வினாகிரியோ ரெண்டு துளி விட்டு, கொஞ்ச நேரம் வச்சு, ஈரத்துணியால துடைங்க. கறுத்த கறைக்கு அப்பச்சோடாவைத் தண்ணியில குழைச்சுப் பூசி விட்டுத் துடைக்கலாம். எல்லாம் பிளக்கைக் கழட்டி, ஆறின பிறகு. சீனிப்பாணி வழிஞ்சா மட்டும் ஆறவிட்டா அது கண்ணாடியோட ஒட்டி, உரிக்கேக்குள்ள கண்ணாடியையும் கிள்ளிக்கொண்டு வரும், அதால ஓஃப் பண்ணி பிளக்கைக் கழட்டி, இளஞ்சூட்டுல இருக்கக்குள்ளயே தடிச்ச ஈரத்துணியை மடிச்சுக் கவனமா எடுத்துடுங்க. தண்ணியை மேல ஊத்திக் கழுவுறது எண்டதே இல்ல.

கல்லடியில இருந்து ஒரு ஐயா: ஆறு மாசத்துல ரெண்டு தரம் திருத்தியாச்சு. கடல் கிட்ட எண்டதாலயா?

கடல் காத்தும் ஒரு பங்குதான் ஐயா, உப்பு ஈரம் போர்டுல இருக்கிற ஈயத்தைத் தின்னும். ஆனா என்ட மேசைக்கு வாற குக்கர்ல நான் கூடக் காணுறது பல்லி. கீழ ஃபேன் ஓட்டை இருக்கு, உள்ளுக்கு இளஞ்சூடு, மாரி காலத்துல அதை விட நல்ல வீடு பல்லிக்கு எங்க கிடைக்கும். போர்டுல குறுக்க படுத்தா பல்லியும் போச்சு, சுருளுக்குக் கரண்ட்டை வெட்டி வெட்டிக் குடுக்கிற ஐ.ஜி.பி.டி எண்ட சாமானும் போச்சு. சிரிக்காதீங்க, 2025 பெப்ரவரியில பாணந்துறையில ஒரு குரங்கு ட்ரான்ஸ்போமருல தொட்டுத்தான் முழு நாடும் இருண்டது எண்டு அமைச்சரே சொன்னவர், பல்லிக்கு ஒரு குக்கர் பெரிய விசயமா. பாவிக்காத நேரம் பிளக்கைக் கழட்டி, ஆறவிட்டு, நிமித்தி வச்சு ஒரு துணிப்பையால மூடுங்க. மாசத்துக்கு ஒருக்கா ஃபேன் ஓட்டையில தூசியை பிரஷால தட்டுங்க.

மற்றது ஃபேன். சமைச்சு முடிஞ்ச உடனே சுவர் சுவிச்சை டப் எண்டு ஓஃப் பண்ணுறீங்களா? குக்கர்ல இருக்கிற பட்டனை மட்டும் ஓஃப் பண்ணுங்க, ஃபேன் கொஞ்ச நேரம் ஓடி உள்ளுக்கு இருக்கிற சூட்டை வெளிய தள்ளும், அது தானா நிண்ட பிறகு சுவரை ஓஃப் பண்ணுங்க. வடிவுக்கு எண்டு கீழ விரிக்கிற பிளாஸ்டிக் விரிப்பு, பேப்பர், துணி எல்லாம் ஃபேனோட மூக்கைப் பொத்துறதுதான், எடுங்க. சுவருல இருந்து நாலு விரல் இல்ல, ஒரு சாண் தள்ளி வைங்க, இரும்பு மேசை, காஸ் அடுப்புக்கு மேல எல்லாம் வைக்க வேணாம். கரண்ட் போனா உடனே பிளக்கைக் கழட்டிடுங்க, திரும்பி வாற நேரம் வோல்டேஜ் துள்ளும், கரண்ட் வந்து அஞ்சு நிமிசம் கழிச்சுப் போட்டா போதும். திரையில E எண்டு ஒரு இங்கிலிஷ் எழுத்தும் நம்பரும் வந்தா ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு அர்த்தம், பெட்டியோட வந்த கொப்பியைத் தேடுங்க, அதைத்தான் முதல் நாளே எறிஞ்சிருப்பீங்க.

நிந்தவூர்ல இருந்து: மழை நாள்ல பானையைத் தொட்டா கையில குறுகுறு எண்டு ஏறுது. அதோட போன தரம் வெள்ளம் வந்து குக்கர் நனைஞ்சிட்டு, காயவச்சுப் போடலாமா?

குறுகுறுப்புக்கு அனேகமா எர்த் இல்லாததுதான் காரணம், நான் திரும்பவும் சுவருக்குத்தான் வாறன். எர்த் கம்பி அறுந்திருக்கும், நிலத்துல எர்த் கம்பியை அடிச்ச இடம் காஞ்சு போயிருக்கும், இல்லாட்டி ஹோல்டருக்குள்ள எர்த்தே கட்டியிருக்க மாட்டாங்க. செருப்பு போட்டுக்கொண்டு சமைக்கிறது மருந்து இல்ல, எர்த்தைத் திருத்துங்க. மெயின் போர்டுல ட்ரிப் சுவிச் இருந்தா அதுல டெஸ்ட் எண்டு ஒரு குட்டிப் பட்டன் இருக்கும், மாசம் ஒருக்கா அமத்துங்க, விழணும். விழாட்டி அது சும்மா அலங்காரம்.

வெள்ளத் தண்ணி உள்ளுக்குப் போன குக்கரை வெயில்ல காயவச்சுப் பிளக் பண்ணுறது வேணாம். மேல காஞ்சாலும் சேறு போர்டுல ஒட்டியிருக்கும், அது ஈரத்தை இழுக்கும். 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு காயவச்சுப் போட்ட சாமான்கள் ஒவ்வொண்டா என்ட மேசைக்கு வந்தது இன்னும் நினைவிருக்கு. திறந்து கழுவிக் காயவச்சுத் தரச் சொல்லி திருத்துறவர்ட்ட குடுங்க, தண்ணி ஹோல்டர் மட்டத்துக்கு ஏறினது எண்டா ஹோல்டரையும் திறந்து பாக்கச் சொல்லுங்க.

மண்டூர்ல இருந்து ஒரு பிள்ள, பத்தாம் ஆண்டு படிக்கிறாவாம்: மாமா, இந்தத் தைப்பொங்கலுக்கு இன்டக்ஷன்ல பொங்கலாமா? அம்மம்மா ஏசுறா.

அம்மம்மா சொல்றதுல விசயம் இருக்கு மகள். பொங்கி வழிஞ்சாத்தான் பொங்கல், இன்டக்ஷனுக்கு வழிஞ்சா வருத்தம். பால் பட்டன் பக்கம் ஓடினா அது குழம்பி பீப் பீப் எண்டு கத்தி நிண்டுடும், சர்க்கரை வழிஞ்சு ஒட்டினா கண்ணாடி போகும், வழியாமப் பாத்துக்கொண்டு நிண்டா பிறகு அது என்ன பொங்கல். முத்தத்துல மூண்டு கல்லு வைங்க, பானையை அம்மம்மா வைக்கட்டும், நீங்க விறகை ஊதுங்க. பின்னேரம் வாற ஆக்களுக்குத் தேத்தண்ணி போட இன்டக்ஷனை எடுங்க, ஹோல்டர் எத்தனை ஆம்பியர் எண்டு பாத்துட்டு.